மருத்துவ மாணவர் எதைத் தேடுகிறார், எங்கே நிறுத்துகிறார்?

மருத்துவ மாணவர்கள் தகவல் தேடும் பழக்கத்தைப் பற்றி ஆய்வு என்றாலே பெரும்பாலும் ஒரு கூகுள் ஃபார்ம்தான் வருகிறது. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தைப் பார்ப்பீர்களா, எப்போதுமா, எப்போதாவதா? உங்கள் தேடும் திறனுக்கு ஐந்துக்கு எத்தனை போடுவீர்கள்? வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மத்தியானத்துக்குள் நிரம்பிவிடும், ஆளாளுக்குத் தங்களுக்கே நாலு போட்டுக்கொள்வார்கள். நீச்சல் தெரியுமா என்று கரையில் நின்று கேட்பது மாதிரிதான் இது.

பொது மருத்துவத்தில் பாடம் எடுக்கும் நான் ஒரு கேஸைக் கையில் கொடுத்துவிடுகிறேன். எட்டு வயதுச் சிறுமி, வரப்பில் பாம்பு கடித்துவிட்டது, கால் வீங்கிக்கொண்டே போகிறது, கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் 20 நிமிடம் ஆகியும் உறையவில்லை. ஏஎஸ்வி என்கிற பாம்பு விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி? காலில் இறுக்கிக் கட்டலாமா? போனோ லேப்டாப்போ எதை வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் திரையை ரெக்கார்டு செய்து கொடுத்துவிட வேண்டும்.

அந்த ரெக்கார்டிங்கில் எல்லாமே தெரிந்துவிடும். பாம்புக்கடி சிகிச்சை என்று பொதுவாக அடித்து, மேலே வரும் இணைப்பைத் திறந்து, காலை அழுத்திக் கட்டச் சொல்கிறது என்று எழுதிவிடுவார்கள். அது ஆஸ்திரேலிய முதலுதவிப் பக்கம். அங்கே உயிருக்கு ஆபத்தான பாம்புகள் நாகக் குடும்பத்தைச் சேர்ந்தவை, பெரும்பாலும் கடித்த இடத்தில் சதை அவ்வளவாகப் பாழாகாது, அதனால் அந்தக் கட்டு அங்கே சரி. இங்கே கண்ணாடி விரியன் கடித்து வீங்கிய காலில் அதே கட்டைப் போட்டால் சதைச் சேதம்தான் கூடும். நம்பகமான இடத்திலிருந்துதான் எடுத்திருக்கிறார், ஆனால் அது வேறு நாட்டு நோயாளிக்கான தகவல்.

குப்பிக் கணக்கில் இன்னொரு கூத்து. குழந்தை என்றதும் பாராசிட்டமால் மாதிரி கிலோவுக்கு இவ்வளவு என்று வகுக்க ஆரம்பித்துவிடுவார்கள். பாம்பு எடை பார்த்தா விஷத்தை இறக்குகிறது? நம் நாட்டு நெறிமுறையில் தொடக்க அளவு 8 முதல் 10 குப்பி, குழந்தைக்கும் அதேதான். இப்போது ஏஐ-யிடம் கேட்கிறவர்களும் உண்டு, அது ஆதாரம் என்று நாலு கட்டுரைத் தலைப்பையும் தரும், அதில் இல்லாத கட்டுரையும் இருக்கலாம். அந்தத் தலைப்புகளைப் பப்மெட்டில் போட்டுச் சரிபார்க்கிறாரா என்பதற்கு நான் தனி மதிப்பெண் வைத்திருக்கிறேன்.

இது நான் கண்டுபிடித்த முறையெல்லாம் இல்லை. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் உருவாக்கி 2003-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வெளியிட்ட ஃபிரெஸ்னோ டெஸ்ட் இதே வகைதான்: ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, கேள்வியை நீயே அமை, எங்கே தேடுவாய், எப்படித் தேடுவாய், கிடைத்ததை எப்படி எடைபோடுவாய் என்று எழுதச் சொல்வார்கள். திருத்த நேரம் பிடிக்கும், அதனால்தான் எல்லோரும் ஃபார்முக்கே ஓடுகிறோம். திருத்த நேரமில்லாதவர்களுக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. பப்மெட்டில் அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போனால் அடித்த ஒவ்வொரு தேடலும், எத்தனை முடிவு வந்தது என்பதும் வரிசையாக நிற்கும், டவுன்லோடும் செய்யலாம். முதலில் என்ன அடித்தார் என்பதை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கில் கொட்டியதும் அடுத்ததாக என்ன மாற்றினார், குழந்தை, இந்தியா, விரியன் என்று சுருக்கினாரா, இல்லை முதல் பக்கத்தோடு சரி என்று மூடிவிட்டாரா, அதில்தான் ஆள் தெரிவார்.

2019-ல் வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டம் இந்திய மருத்துவப் பட்டதாரிக்கு ஐந்து பாத்திரங்களைச் சொல்கிறது, அதில் ஒன்று வாழ்நாள் முழுக்கக் கற்பவர். அதை அளப்பது பல இடங்களில் லாக்புக் என்கிற பதிவேட்டில் ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது.

இந்தக் கேஸை எந்த ஆசிரியரும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், பாம்பை மட்டும் உங்கள் பக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியிருந்தால் ஹம்ப்-நோஸ்டு பிட் வைப்பர் என்கிற விரியன் வகையைப் போடுங்கள். நம்மூர் ஏஎஸ்வி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு பாம்புக்குத்தான், இந்த ஹம்ப்-நோஸ்டு விரியனுக்கு வேலை செய்யாது. அதைக் கண்டுபிடிக்கிற மாணவருக்கு முழு மதிப்பெண் போட்டுவிடலாம்.