கல்லை மட்டும் எடுத்துவிட முடியாதா டாக்டர்?

பித்தப்பையில் கல் என்று சொன்னதுமே இந்தக் கேள்வி வந்துவிடும். "பையை ஏன் சார் எடுக்கணும்? கல்லை மட்டும் எடுத்துட்டு தைச்சு விட்ருங்களேன்." போன வாரம் ஓர் அம்மா கேட்டபோது, ஜான் ஸ்டஃப் பாப்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரின் கதையைச் சொன்னேன்.

1867 ஜூன் 15. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், ஒரு மருந்துக்கடையின் மாடி. மேரி விக்கின்ஸ் என்ற பெண்ணுக்கு வலது பக்க வயிற்றில் சில வருஷங்களாகக் கட்டி. ஸ்கேன் கிடையாது, எக்ஸ்ரே வரவே இன்னும் 28 வருஷம். சினைப்பைக் கட்டியாக இருக்கலாம் என்ற ஊகத்தில்தான் பாப்ஸ் குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறந்தார். கட்டியைக் கீறியதும் தெளிந்த நீர் பீறிட்டது. கூடவே துப்பாக்கிக் குண்டு அளவில் கற்கள். பார்த்த பிறகுதான் தெரிந்தது, கத்தி பட்டது பித்தப்பையில் என்று. கற்களை எடுத்தார், பையைத் தைத்தார், உள்ளேயே விட்டு வயிற்றை மூடினார். கையுறை கூட இல்லாத காலம். மேரி பிழைத்துக்கொண்டார்.

பாப்ஸ் இண்டியானா மாநில செனட்டிலும் இருந்தவர், உள்நாட்டுப் போரில் ராணுவ மருத்துவர். 1870ல் இறந்தபோது ஏழைகளுக்கான இலவச மருந்தகத்துக்கு 2,000 டாலர் எழுதிவைத்திருந்தார்.

ஆனால் கல்லை மட்டும் எடுக்கும் அவர் வழியை நாங்கள் பின்பற்றுவதில்லை. 1882ல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் என்ற அறுவை மருத்துவர் பையையே எடுத்தார். கல் இருப்பதற்காக அல்ல, கல்லை உண்டாக்குவதே அந்தப் பைதான் என்பது அவர் வாதம். கல்லை மட்டும் எடுத்தால் பலருக்குத் திரும்ப வரும்.

தொந்தரவே தராத கல்லைப் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை, அது வேறு. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட ராத்திரி வலது விலாவுக்குக் கீழே பிடித்து தோள்பட்டை வரை இழுத்தால், அதை "கேஸ்" என்று சோடா குடித்துச் சமாளிக்காதீர்கள். காய்ச்சலோ, கண்ணில் மஞ்சளோ சேர்ந்தால் அன்றைக்கே வரவேண்டும். வாழைத்தண்டுச் சாறு இந்தக் கல்லைக் கரைக்காது. எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் குடித்து வெளியே வந்ததாக பாட்டிலில் கொண்டுவருகிறார்களே பச்சை உருண்டைகள், அவையும் கல் இல்லை, எண்ணெய் சோப்பாகத் திரண்டது.

எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா, "அந்த மேரிக்கு அப்புறம் என்னாச்சு?" என்றார்.

"1913 வரைக்கும் இருந்தாங்க."

"பாருங்க, பையோடதானே இருந்திருக்கு!"

அவருக்கு இரண்டு மாதத்தில் மூன்று தடவை வலி வந்திருக்கிறது. ரிப்போர்ட்டை மறுபடி விரித்தேன்.