செருப்பைக் கொஞ்சம் கவிழ்த்துக் காட்டுங்கள்

முட்டிவலி என்று யார் வந்தாலும் வாசலில் விட்டுவந்த செருப்பை எடுத்துவரச் சொல்வேன். "வலி முட்டியிலதான் மேடம், செருப்புல இல்ல" என்று சிலர் சிரிப்பார்கள். கும்பகோணத்தில் பிசியோதெரபி பார்க்க ஆரம்பித்ததிலிருந்து கேட்டுப் பழகிய பேச்சு. செருப்பைக் கவிழ்த்தால் குதிகாலின் வெளியோரம் கொஞ்சம் தேய்ந்திருக்கும். அது எல்லோருக்கும் சகஜம். உள்ளோரம் பெருவிரல் வரைக்கும் சரிந்து தேய்ந்திருந்தால்தான் பாதத்தைப் பார்க்க உட்காருவேன்.

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கும் ஒரு பெண் வந்தார். வயது 38, இரண்டு பிரசவம். படி இறங்கினால் முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலி. எக்ஸ்ரேயில் தேய்மானம் எதுவும் இல்லை. முட்டியில் மாட்டும் உறை (நீ கேப்) வாங்கி மாட்டிப் பார்த்திருக்கிறார், கேட்கவில்லை. ஒற்றைக் காலில் நின்று லேசாக முட்டியை மடக்கச் சொன்னேன். முட்டி நேராகப் போகாமல் அடுத்த காலைப் பார்த்து உள்ளே சாய்ந்தது. கீழே பாதத்தின் உள்வளைவு தரையோடு படிந்திருந்தது.

நடப்பது இதுதான். உள்வளைவு இறங்கினால் கணுக்கால் உள்பக்கம் சாயும். கெண்டைக்கால் எலும்பு அதோடு உள்ளே திரும்பும், முட்டியும் கூடவே போகும். முட்டிச் சில்லு தன் பள்ளத்தில் நேராக ஓடாமல் வெளிப்பக்கம் உரசும். நிலை சாய்ந்த கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தால் கிறீச் சத்தம் நிற்குமா? அதனால் அவருக்கு இன்சோல் சொன்னேன், அதாவது செருப்புக்குள் வைக்கும் அட்டை; அதிலிருக்கும் வளைவு மேடு பாதத்தின் உள்வளைவைத் தாங்கும்.

பெண்களுக்கு இடுப்பு அகலம் என்பதால் தொடை எலும்பு கூடுதல் சாய்வாக முட்டிக்கு வருகிறது. தொடைத்தசை முட்டிச் சில்லை இழுக்கும் கோணத்தை ஆண்களுக்குச் சுமார் 14 டிகிரி, பெண்களுக்குச் சுமார் 17 என்று சொல்வார்கள். இந்த வித்தியாசம் மட்டும் வலியைக் கொண்டுவராது. இடுப்புத்தசை வலுவில்லாதது போன்றவையும் சேரவேண்டும். அப்புறம் கர்ப்பகாலத்தில் தசைநார்கள் தளர்வதால் சிலருக்குப் பாத வளைவு இறங்கிவிடும். பிள்ளை பெற்றபிறகு பழைய செருப்பு இறுக்கிப் பிடிக்கிறது என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெண் பாதம் ஆண் பாதத்தின் சின்ன அளவு இல்லை. முன்பாதத்தை ஒப்பிட்டால் குதிகால் ஒடுக்கம். ஆணுக்குச் செய்த இன்சோலைச் சின்னதாக வெட்டிப் போட்டால் குதிகால் உள்ளே ஆடும், வளைவு மேடும் இடம் மாறி உட்காரும். ரோஸ் கலர் அடித்ததெல்லாம் பெண்களுக்கான இன்சோல் ஆகிவிடாது. குதிகால் உட்காரும் குழி ஆழமாக, ஒடுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். வளைவு மேட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினால் அது மெத்தைதான், தாங்காது. அளவெடுத்துச் செய்யும் விலை உயர்ந்ததுக்கு எடுத்தவுடனே போகவேண்டாம், ரெடிமேட் பெரும்பாலானவர்களுக்குப் போதும். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும், பிறகு மெதுவாகக் கூட்டுங்கள். சில்லு வலிக்கு இது முதல் சில வாரங்களில் நல்ல ஆறுதல் தரும். அந்த அவகாசத்தில் இடுப்புக்கும் தொடைக்கும் பயிற்சி செய்யாவிட்டால் வாங்கிய காசு வீண்.

சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர்கள் கடினமான இன்சோலைத் தொடவே கூடாது. வளைவு மேடு அழுத்திப் புண் வந்தாலும் தெரியாது. அவர்களுக்கு எம்.சி.ஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு, அதுவும் டாக்டரைக் கேட்டு.

சரி, நம் ஊரில் ஷூ போடும் பெண்கள் எத்தனை பேர்? ரப்பர் செருப்பில் இன்சோலை எங்கே வைப்பது? பின்வார் உள்ள, உள்மெத்தையைக் கழற்ற முடிகிற சாண்டல்தான் வழி. வீட்டிலோ டைல்ஸ் தரையில் நாளெல்லாம் வெறுங்கால். வெளியே போடாத ஒரு ஜோடியை அடுப்படிக்கென்றே வையுங்கள் என்பேன். மாமியார் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று பாதிப்பேர் கையை விரிப்பார்கள். அந்தப் பெண்ணுக்குக் கடையே பிரச்சினை. சேலை விரிக்கும் மேடையருகே செருப்புக்கு அனுமதி இல்லை. ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததை அவருக்கு நான்தான் சொன்னேன். எப்படியோ பேசி ஒரு ஸ்டூலும் சாண்டலுக்கு அனுமதியும் வாங்கிவிட்டார். ஆறு வாரத்தில் படி இறங்குவது சுலபமானது.

அடுத்த முறை அவர் அம்மாவைக் கூட்டிவந்தார். நாற்பது வருஷம் நடவுக்குப் போன கால்கள், முட்டியில் வில்லாக வெளிப்பக்கம் வளைந்திருந்தன. "எனக்கும் அந்த அட்டைய குடுங்க டாக்டரம்மா" என்றார். தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி வளைந்த கால் ஒன்றுக்கு வளைவு மேடு வைத்துக் கொடுத்து, ஒரே மாதத்தில் வலியைக் கூட்டி அனுப்பியிருக்கிறேன். வளைவு மேடு வைத்தால் உள்பக்கம் தேய்ந்த மூட்டில் பாரம் மேலும் உள்ளேயே விழும். வெளியோரத்தை உயர்த்தும் சாய்வு இன்சோலும் தேய்மானத்துக்கு வேண்டாம் என்றே அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. அதனால் அவருக்குத் தொடைத்தசைப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, வலி குறைந்த பக்கத்துக் கையில் ஊன்ற ஒரு கம்பும் கொடுத்தேன்.

கவிழ்த்துப் பார்க்க அவரிடம் செருப்பு இல்லை. குதிகால் வெடிப்பில் சேறு காய்ந்திருந்தது. குறுவை நடவு முடியட்டும், அப்புறம் வருகிறேன் என்று சொல்லிப் போனார்.