புரட்டாசியில் பி12 குறையுமா?

புரட்டாசி பிறந்துவிட்டால் வேலூர், சித்தூர், திருத்தணி வட்டாரத்துக் கறிக்கடைகளில் கூட்டம் வற்றிவிடும். திருமலைக்கு நடந்து போகிறவர்களோடு, வீட்டில் இருப்பவர்களும் கவுச்சி தொடமாட்டார்கள். நகரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மாதம் முழுக்கச் சைவம் என்றால் வைட்டமின் பி12 குறைந்துவிடும் என்கிறார்களே? அதைவிட, பிறந்ததிலிருந்தே சைவமான என் மாமியாருக்குக் கால் மரத்துப்போகிறது. கீரையும் பருப்பும் அவர் குறைவில்லாமல் சாப்பிடுகிறவர். ஏன் இப்படி?"

ஒரு மாதத்தில் ஒன்றும் ஆகாது. பல ஆண்டுகளில் ஆகும்.

சைவ உணவில் புரதம் பெரிய கவலையில்லை. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் கிடைத்துவிடும். கீரையின் இரும்புச்சத்து எளிதில் உடலில் சேராது. எலுமிச்சை அதற்கு உதவும், சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ கெடுக்கும். பி12 விஷயம் வேறு. அதைச் செடியாலும் உண்டாக்க முடியாது, விலங்காலும் முடியாது. சில நுண்ணுயிரிகளுக்கு மட்டுமே அது கைவந்திருக்கிறது. மாட்டின் வயிற்றிலுள்ள பாக்டீரியாக்கள் தீவனத்தின் கோபால்ட்டைக் கொண்டு செய்யும் பி12தான் பாலில் நமக்கு வருகிறது.

அந்தப் பாலைக் குடித்த பிறகு நடப்பது எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காதது. இரைப்பையின் அமிலமும் பெப்சின் என்ற நொதியும் பி12-ஐப் புரதத்திலிருந்து பிரித்தெடுக்கின்றன. உடனே உமிழ்நீரோடு வந்த ஹாப்டோகோரின் என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டு அமிலத்திலிருந்து காக்கிறது. அமிலத்தைச் சுரக்கும் அதே இரைப்பைச் செல்கள் 'உள்ளார்ந்த காரணி' என்ற இன்னொரு புரதத்தையும் சுரக்கின்றன. ஆனால் அமிலச் சூழலில் அதற்குப் பிடிப்பு குறைவு. முன்சிறுகுடலுக்கு வந்ததும் கணையத்தின் நொதிகள் ஹாப்டோகோரினைச் சிதைத்துவிடுகின்றன. உள்ளார்ந்த காரணியை அவற்றால் சிதைக்க முடிவதில்லை. காட்பாடியில் ரயில் மாறுகிறவரைப் போல, பி12 அங்கே துணை மாறி, சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை போகிறது. உள்ளார்ந்த காரணியை அடையாளம் காணும் ஏற்பிகள் அங்கேதான் இருக்கின்றன.

அந்த ஏற்பிகள் ஒரு வேளைக்கு 2 மைக்ரோகிராம் அளவே ஏற்கும். நம் அன்றாடத் தேவையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

பெருங்குடல் பாக்டீரியாக்களும் பி12 செய்கின்றன. ஆனால் உறிஞ்சும் இடம் அதற்கு முன்பே முடிந்துவிடுவதால் பயனில்லை. சிறுகுடலிலேயே அதைச் செய்யும் பாக்டீரியாக்கள் தென்னிந்தியர்களிடம் உண்டு என்று 1980இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தவர்கள் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள். நம் ஊர்க் குடலைப் பற்றிய கேள்விக்கு நம் ஊரிலேயே விடை தேடிய ஆய்வு அது. இத்தகைய பொறுமையான வேலைக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். ஆனாலும் அந்த பாக்டீரியாக்களை நம்பி இருந்துவிட முடியாது. சைவ உணவினரிடம் பி12 குறைபாடு நம் நாட்டில் பரவலாகவே இருக்கிறது.

சரி, ஒரு மாதத்தில் ஏன் குறைவதில்லை? உடலின் மொத்தக் கையிருப்பு 2 முதல் 5 மில்லிகிராம், பெரும்பகுதி கல்லீரலில். பித்தநீரோடு குடலுக்கு வரும் பி12-இல் பெரும்பங்கை உடல் மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. நாளொன்றுக்கு இழப்பு கையிருப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. புரட்டாசி முடிந்தாலும் நூற்றில் மூன்று பங்குதான் போயிருக்கும்.

மாமியாரின் நிலை வேறு. பாலில் 100 மில்லிக்கு அரை மைக்ரோகிராம்கூடத் தேறாது. டீக்கு ஊற்றும் பாலும் நீர்மோரும் போதாது. வயதானால் அமிலமும் குறையும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினோ, நெஞ்செரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையோ நெடுநாள் சாப்பிட்டால் உறிஞ்சுவது இன்னும் தடைப்படும். பி12 குறைவால் வரும் இரத்தசோகையைக் கீரையின் ஃபோலிக் அமிலம் மறைத்துவிடுவதால், ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே நரம்பு கெடலாம். "பரம்பரைச் சைவத்துக்குக் குறை வராது" என்ற பேச்சையும், ஸ்பைருலினா என்ற பாசித்தூளின் விளம்பரங்களையும் தயவுசெய்து நம்பாதீர்கள்; ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடலுக்கு உதவாத போலி பி12.

பி12 மாத்திரையில் 1000 மைக்ரோகிராம் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஏற்பிகள் இல்லாமலே நூற்றில் ஒரு பங்கு குடல்சுவரில் கசிந்து உள்ளே போய்விடும். 10 மைக்ரோகிராம் கிடைத்துவிடும். மாத்திரையா, ஊசியா என்பதை இரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொல்லட்டும். மரத்துப்போவது நாள்பட்டால் நரம்பு முழுதாகத் தேறாமல் போகலாம். இந்த வாரமே அவரை அழைத்துப் போங்கள்.