கட்சித் தலைவரை எதிர்த்தால் எம்பி ஆசனம் போகுமா? உறுப்புரை 99(13) விளக்கம்

கூட்டம் கூட்டமாக ஆட்களைத் திரட்டக்கூடிய ஒரு தலைவரை, அதே கட்சியில் வளர்ந்து வரும் பாராளுமன்ற உறுப்பினர் எதிர்க்கலாமா? கொழும்பில் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் பேச்சு துணிச்சல், நன்றி, துரோகம் என்றே போகிறது. முதலில் பார்க்க வேண்டியது இலங்கை அரசியலமைப்பின் 99(13)(அ) உறுப்புரையை.

எந்தக் கட்சியின் வேட்புமனுவில் ஒருவர் தெரிவானாரோ, அந்தக் கட்சியின் உறுப்புரிமை போனால், ஒரு மாதம் முடிந்ததும் அவருடைய ஆசனமும் வெற்றிடமாகும் என்கிறது அந்த உறுப்புரை. ராஜினாமா செய்தாலும் இதே கதிதான். ஆனால் ராஜினாமாவுக்கு மீட்பு வழி கிடையாது. வெளியேற்றப்பட்டவருக்கு மட்டுமே அது உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் எழுத்துமூல மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். மூன்று நீதியரசர்கள் விசாரிப்பார்கள். வெளியேற்றம் செல்லாது என்று தீர்ந்தால் ஆசனம் தப்பும். செல்லும் என்றால் தீர்ப்பு வந்த நாளிலேயே போய்விடும். ஆகவே கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதுவதுதான் மிகப் பெரிய தவறு.

எதிரணி ஆசனத்தில் போய் அமர்வதாலோ, சுயாதீனமாக இயங்குவதாக அறிவிப்பதாலோ மட்டும் பதவி போவதில்லை. 2022 ஏப்ரலில் அப்போதைய ஆளும் கட்சியான பொதுஜன பெரமுனவின் உறுப்பினர்கள் பலர் அப்படி அறிவித்துவிட்டுப் பதவியில் தொடர்ந்தார்கள். கட்சி ஒழுக்காற்று நடவடிக்கை எடுத்து வெளியேற்றினால்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

நீதிமன்றம் எதைப் பார்க்கிறது? பழைய வழக்குகளைப் படித்தால் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன: செய்த குற்றம் என்ன, தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தார்களா. 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான குற்றப்பிரேரணையில் இறங்கிய, அவருடைய கட்சியையே சேர்ந்த லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் விசாரணையின்றியே வெளியேற்றப்பட்டார்கள். நீதிமன்றம் அதை ஏற்றது, ஆசனங்கள் போயின. ஆனால் 2000ஆம் ஆண்டின் சரத் அமுனுகம உள்ளிட்டோரின் வழக்கில், விளக்கம் கேட்காமல் வெளியேற்றியது செல்லாது என்று தீர்ந்தது. உட்கட்சித் தேர்தல் நடத்தவில்லை என்று சுதந்திரக் கட்சித் தலைமையைப் பகிரங்கமாக விமர்சித்த திலக் கருணாரத்னவும் 1990களின் தொடக்கத்தில் வென்றார். தலைவரை விமர்சிப்பது வேறு, கட்சியின் முடிவை மீறி வாக்களிப்பது வேறு என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முன்னதற்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. பின்னது பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் ஏறிவிடும், மறுக்க முடியாது. 2021 நவம்பரில் கட்சி முடிவுக்கு எதிராக வரவுசெலவுத் திட்டத்தை ஆதரித்த முஸ்லிம் காங்கிரஸின் நசீர் அஹமட், 2023 ஒக்டோபரில் ஆசனத்தையும் அமைச்சுப் பதவியையும் சேர்த்தே இழந்தார். 2024 ஓகஸ்டில், கட்சி முடிவை மீறி அமைச்சர்களான ஹரின் பெர்னாண்டோவுக்கும் மனுஷ நாணயக்காரவுக்கும் அதுவே நடந்தது. இரண்டு மாதத்துக்குள் தீர்ப்பு என்று உறுப்புரை சொன்னாலும் நடைமுறையில் இழுபடுகிறது என்பதையும் கவனியுங்கள்.

கட்சியிடமிருந்து குற்றப்பத்திரம் வந்தால் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும், ஒழுக்காற்று விசாரணைக்கும் போக வேண்டும். "அந்தக் குழுவே தலைவரின் ஆட்கள்" என்று போகாமல் இருந்துவிட்டால், வாய்ப்புத் தரவில்லை என்ற வாதம் கையைவிட்டுப் போகும். கட்சி யாப்பின் நடைமுறையிலுள்ள பிரதியைச் சண்டைக்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியேற்றும் அதிகாரம் செயற்குழுவுக்கா வேறு குழுவுக்கா, தலைவரை மாற்ற எந்தச் சபை கூட வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கட்சிப் பதவி பற்றிய தகராறு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். மைத்திரிபால சிறிசேன சுதந்திரக் கட்சித் தவிசாளராகச் செயற்படுவதை 2024 ஏப்ரலில் தடுத்தது கொழும்பு மாவட்ட நீதிமன்றம்தான்.

எங்கள் கருத்து இது: தவறு செய்யும் தலைவரை எதிர்க்கத்தான் வேண்டும், ஆனால் யாப்பு காட்டும் வாசல் வழியாக. வாசலே இல்லையென்றால் பாராளுமன்றக் கலைப்பு வரை காத்திருப்பது நல்லது, அப்போது பறிப்பதற்கு ஆசனமே இருக்காது. 2020இல் சஜித் பிரேமதாச தரப்பு ஐக்கிய மக்கள் சக்தியாகத் தேர்தலைச் சந்தித்து 54 ஆசனங்களைப் பெற்றது. தாய்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனமே மிஞ்சியது.

கொழும்புத் தமிழ் வாக்காளர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. நம் பிரதிநிதிகள் பெரும்பாலும் பெரிய கட்சியொன்றின் சின்னத்தில்தான் போட்டியிடுகிறார்கள். அப்படித் தெரிவானவருக்கு 99(13) பார்ப்பது வேட்புமனு கொடுத்த அந்தப் பெரிய கட்சியை. தன் சொந்தக் கட்சியோடு மட்டும் பேசி முடிப்பது போதாது. ஆசனம் வெற்றிடமானாலும் இடைத்தேர்தல் கிடையாது. அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் உள்ளே வருவார். தேசியப் பட்டியல் என்றால் கட்சிச் செயலாளர் பெயர் கொடுப்பார். வெளியேற்றுவதால் தலைவருக்கு ஆசன நட்டம் இல்லை. கைதூக்கும் முன் அடுத்து நிற்பவர் யாருடைய ஆள் என்று எண்ணிப் பாருங்கள்.