‘த’ எங்கே போகிறது? இந்தோனேசிய மொழியின் மூக்கொலி வித்தை

மெல்பேர்னிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “மகளின் பள்ளியில் இரண்டாம் மொழியாக இந்தோனேசிய மொழி இருக்கிறது. அவள் பேசுவது முழுக்க ஆங்கிலம். இதைப் படித்து என்ன பலன்?”

நிறையவே உண்டு. எழுத்து அதே ரோமன் எழுத்து. வினைச்சொல்லில் காலம் காட்டும் விகுதி கிடையாது, ஆண்பால் பெண்பால் கிடையாது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு இம்மொழியைக் கற்பிக்க 36 வாரம் ஒதுக்குகிறது. ஜப்பானிய மொழிக்கு 88 வாரம். சரி, இது எல்லோரும் சொல்வதுதான். என்னைக் கட்டிப்போட்டது ‘மெ’ என்ற முன்னொட்டு.

‘துலிஸ்’ என்றால் எழுது. முன்னொட்டு சேர்ந்தால் ‘மெனுலிஸ்’. ‘த’ காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு மூக்கொலி உட்கார்ந்துவிட்டது. இப்படியே ‘புக்குல்’ (அடி) ‘மெமுக்குல்’ ஆகும், ‘சாப்பு’ (பெருக்கு) ‘மெஞாப்பு’ ஆகும், ‘கிரிம்’ (அனுப்பு) ‘மெஙிரிம்’ ஆகும். க போனால் ங, ச போனால் ஞ, த போனால் ந, ப போனால் ம. நாம் அரிச்சுவடியில் படித்த அதே ஜோடிகள்!

ஆனால் ‘பெலி’ (வாங்கு) ‘மெம்பெலி’ ஆகும்போது ‘ப’ அப்படியே நிற்கிறது. ஏன்? தொண்டையில் விரலை வைத்து ‘அப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் அதிர்வு ஒரு கணம் நிற்கும். ‘அம்பு’ என்று சொன்னால் நிற்காது. ‘பெலி’யின் முதல் ஒலி, ‘அம்பு’வில் வரும் அந்த அதிரும் ‘ப’. மூக்கொலியில் குரல்வளை அதிர்ந்துகொண்டே இருக்கும், மூக்குவழியும் திறந்திருக்கும். அடுத்து அதிராத ஒலி வந்தால், மூக்குவழியை அடைப்பதோடு அதிர்வையும் சட்டென்று நிறுத்தியாக வேண்டும். இரண்டையும் நேரம் பிசகாமல் செய்வது வாய்க்குச் சிரமம். தமிழ் இதற்குக் கண்ட வழி, அடுத்த ஒலியையும் அதிரவிடுவது. ‘மரம்’ ‘கள்’ சேர்ந்த ‘மரங்கள்’ என்பதில் ‘க’ மென்மையாகிவிடுவது அப்படித்தான். இந்தோனேசிய மொழியோ வல்லொலியையே விழுங்கிவிடுகிறது. சிக்கல் ஒன்று, தீர்வு இரண்டு. எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இதனால் அகராதி பார்க்கத் தனிப் பயிற்சி வேண்டும். ‘மெஙுக்குர்’ என்ற சொல் ‘உக்குர்’ (அள) என்பதிலிருந்தும் வரலாம், ‘குக்குர்’ (தேங்காய் துருவு) என்பதிலிருந்தும் வரலாம். செய்பவரைக் குறிக்கும் ‘பெ’ என்ற முன்னொட்டும் இப்படியே ஒலியை விழுங்கும். விழுங்கப்பட்ட ஒலியைக் கண்டுபிடிக்கப் பழகிய பிள்ளைக்கு ‘பெனுலிஸ்’ என்று கேட்டவுடன் எழுத்தாளர் என்பது புரிந்துவிடும். ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவருக்கு, சொல் என்பது தொட்டால் உருமாறும் பொருள் என்று காட்ட இதைவிட எளிய மொழி எனக்குத் தெரியவில்லை.

இந்தோனேசியா ஆஸ்திரேலியாவின் பக்கத்து வீடு. அப்படியிருந்தும் ஆசிய மொழிகளைப் பள்ளிகளில் கற்பிக்க 1990-களில் தொடங்கிய மத்திய அரசின் நிதித் திட்டத்தை 2002-இல் நிறுத்தினார்கள். அது பெரிய தவறு என்றே நினைக்கிறேன். ஒரு மொழி ஆசிரியரை உருவாக்கப் பல வருடம் ஆகும். நிதியை வெட்ட ஒரு பட்ஜெட் போதும். உங்கள் மகளின் பள்ளியில் அந்த வகுப்பு இன்னும் நடக்கிறது. சேர்த்துவிடுங்கள்.