குற்றப் பதிவுக்கு முத்திரையா?

"உங்கள் குற்றப் பதிவுக்கு முத்திரையிட நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம்." அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர் அனுப்பிய தமிழ்த் துண்டறிக்கையில் இந்த வரி. இதே முத்திரையை நான் பார்ப்பது நாலாவது முறை. மனு எழுதி, கட்டணமும் கட்டி, எனக்கு நானே முத்திரை குத்திக்கொள்ள வேண்டுமா என்றுதான் படிப்பவர் கேட்பார்.

அந்த நாட்டில் பழைய வழக்கின் சுமையை இறக்கிவைக்க இரண்டு வழிகள் உண்டு. எக்ஸ்பஞ்ச்மென்ட் என்பது பதிவையே ஒழித்துவிடுவது. சீலிங் என்பது பதிவை உள்ளே வைத்துக்கொண்டு ஊர் கண்ணில் படாமல் மூடுவது. (சீலிங் என்றால் நமக்கு ஃபேன்தான் ஞாபகம் வரும், அதனால் அப்படியே எழுதவும் வழியில்லை.) முதல் சொல்லின் வேர் லத்தீன் ‘எக்ஸ்புங்கெரே’, குத்தி நீக்குதல். பழைய லத்தீன் ஏடுகளில் தவறான எழுத்தின் கீழ் புள்ளி குத்தி ‘இதை விட்டுவிடு’ என்று காட்டுவார்கள். இரண்டாவதன் வேர் ‘சிகில்லும்’, சிறு அடையாளம்.

அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் மொழிபெயர்ப்பாளர்கள் முத்திரைக்குத் தாவினார்கள். தமிழில் முத்திரை என்ன வேலை செய்கிறது? அஞ்சல் முத்திரை, முத்திரைத்தாள், ‘நடிப்பில் முத்திரை பதித்தார்’, ‘துரோகி என்று முத்திரை குத்தினார்கள்’. எல்லாமே ஊரறியச் செய்வது, உறுதிப்படுத்துவது. ‘முத்திரையிட்ட குற்றப் பதிவு’ என்றால் அரசே சான்றளித்த குற்றவாளி என்று ஆகிவிடுகிறது. சரி, பழந்தமிழில் மூடும் பொருள் இருந்ததே என்பார்கள். இருந்தது. அகநானூற்றில் ஓலைகள் போட்ட குடத்தின் மேலிட்ட பொறியை, அதாவது முத்திரையைப் பார்த்து, அதை அழித்து, ஓலையை எடுக்கும் ஆவண மாக்கள் வருகிறார்கள். ஆனால் இன்றைய காதுக்கு அது எட்டாது. ‘சீல் வைத்தல்’ கொஞ்சம் அருகில் வருகிறது. என்ன, நகராட்சி கடைக்குச் சீல் வைத்தால் கடைக்காரருக்குத் தண்டனை, இங்கே சம்பந்தப்பட்டவருக்கு நிம்மதி.

என் தேர்வு ‘பதிவு மறைப்பு’. திருட்டுத்தனம் போல ஒலிக்கிறது என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். ஆணையில் ‘பொதுப் பார்வையிலிருந்து மறைத்தல்’ என்று விரித்து எழுதினால் போயிற்று. நடப்பதும் அதுதான். 2018-இல் பென்சில்வேனியா, மனுவே கேட்காமல் தானாகப் பதிவை மறைக்கும் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது. நியூயார்க்கின் 2023 சட்டப்படி சிறு குற்றங்களுக்கு 3 ஆண்டு, பெருங்குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு 8 ஆண்டு புதுத் தண்டனையில்லாமல் கழிய வேண்டும். அப்புறமும் போலீசும் நீதிமன்றமும் அந்தப் பதிவைப் பார்க்கலாம்.

எக்ஸ்பஞ்ச்மென்ட்டைக் ‘குற்ற நீக்கம்’ என்று எழுதுவது முத்திரையைவிட ஆபத்து. சட்டமன்றத்தில் ஒரு பேச்சை ‘அவைக்குறிப்பிலிருந்து நீக்கினார்’ என்று நம் நிருபர்கள் அழகாக எழுதுகிறார்கள். ‘பேச்சு நீக்கம்’ என்று யாரும் எழுதுவதில்லை. பேசியது பேசியதுதான், குறிப்பில் மட்டும் இராது. அதே போல இங்கே நீங்குவது பதிவு, ஆகவே ‘பதிவழிப்பு’. அதையும் கண்ணை மூடிக்கொண்டு எல்லா மாநிலத்துக்கும் ஒட்டக் கூடாது. கலிபோர்னியாவில் வாய்ப்பேச்சில் எக்ஸ்பஞ்ச்மென்ட் என்கிறார்களே, அதில் எதுவும் அழிவதில்லை. தீர்ப்பு தள்ளுபடியாகிறது, அடுத்த வழக்கு வந்தால் பழையது மறுபடி தலைகாட்டும்.

குடியேற்றச் சட்டத்திலோ மாநிலம் அழித்த தீர்ப்பும் பெரும்பாலும் தீர்ப்பாகவே எண்ணப்படும். குடியுரிமை விண்ணப்பத்தில் அழித்ததையும் மறைத்ததையும் சேர்த்தே கேட்கிறார்கள். ‘குற்ற நீக்கம்’ என்று தமிழில் படித்துவிட்டு ‘இல்லை’ என்று டிக் அடித்தவரிடம், பொய் சொன்னீர்களா என்று அதிகாரி கேட்கும்போது, துண்டறிக்கையை மொழிபெயர்த்தவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.