டெக் ஓடும் மூன்று மணி நேரம்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பரணில் அக்காவின் கல்யாண வீடியோ கேசட் முப்பது வருஷமாகக் கிடந்தது. டிஜிட்டலாக்கலாம் என்று கீழே இறக்கி, அதன் ஜன்னல் வழியாகப் பார்த்தால் கறுப்பு டேப் சுற்றின் மேல் தேங்காய்ப்பூ தூவினதுபோல் வெள்ளைப் படலம். பூஞ்சை. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடற்காற்று நாள் முழுக்க வீட்டுக்குள் வந்துபோகும் இடங்களில் இது சகஜம். உடனே டெக்கில், அதாவது வீடியோ பிளேயரில், போட்டுப் பார்க்கத்தான் கை துடிக்கும். போடக்கூடாது. பூஞ்சைத் தூள் டெக்குக்குள் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவிவிடும்.

டேப் என்பது பாலியெஸ்டர் பிலிம். மொத்தத் தடிமனே ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். அதன் மேல் காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு துகள்களைப் பசையில் குழைத்துப் பூசியிருப்பார்கள். படம் முழுக்க அந்தத் துகள்களில்தான் இருக்கிறது. ஆனால் முதலில் கெடுவது பசை. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்லச் சிதைக்கிறது. பிசுபிசுத்துப்போன பசை, டேப் ஓடும்போது துகளோடு பெயர்ந்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்கிறது.

எங்கள் கேசட்டை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் பத்து நாள் மூடி வைத்தேன். பூஞ்சை காய்ந்தது. அப்புறம் மாஸ்க் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், அடியில் உள்ள ஐந்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, பஞ்சு பிரியாத துணியால் டேப்பை இருபுறமும் லேசாகப் பிடித்தபடி கையாலேயே சுற்றினேன். ஒரு முழு மாலை போயிற்று. கடைசியில் டேப்பை வேறொரு சுத்தமான கேசட் கூட்டுக்கு மாற்றினேன்.

இவ்வளவு பாடு எதற்கு என்பது டெக் எப்படிப் படிக்கிறது என்று தெரிந்தால் புரியும். பாட்டு கேசட்டில் ஹெட் அசையாமல் நிற்கும், டேப் நகரும். படத்துக்குத் தேவையான தகவல் அதைப்போலப் பல மடங்கு. அந்த வேகம் போதாது. 1976இல் ஜேவிசி கொண்டுவந்த விஎச்எஸ் முறையில் ஹெட்டும் சுழலும். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறை டெக்கில் டேப் நொடிக்கு 23 மில்லிமீட்டர்தான் ஊர்கிறது. அதை அணைத்தபடி 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் என்ற உருளை ஒன்று நொடிக்கு 25 சுற்று சுற்றுகிறது. டிரம் சாய்வாக நிற்பதால், அதிலுள்ள இரண்டு ஹெட்டுகளும் டேப்பின் மேல் மாறி மாறிச் சாய்கோடுகளாக எழுதிக்கொண்டே போகும். ஒவ்வொரு கோடும் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளம், 49 மைக்ரான் அகலம் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு கோட்டில் பாதிப் படம்: டிவி படத்தின் கிடைமட்ட வரிகளில் ஒற்றைப்படை வரிகள் ஒன்றில், இரட்டைப்படை வரிகள் அடுத்ததில். மூன்று மணி நேரக் கேசட்டின் டேப் நீளம் 250 மீட்டர் சொச்சம். அதிலுள்ள கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் 50 கிலோமீட்டருக்கு மேல் வரும். ராயபுரம் ஸ்டேஷனில் ஆரம்பித்தால் கும்மிடிப்பூண்டியைத் தாண்டிவிடும்.

அவ்வளவு மெல்லிய கோட்டின் மேல் ஹெட் பிசகாமல் ஓட வேண்டும். அதனால்தான் டிஜிட்டலாக்குவதை நான் கம்ப்யூட்டர் வேலையாக நினைப்பதில்லை. முக்கால்வாசி டெக் வேலை. ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியதோடு புது டெக் வருவதும் நின்றுபோனது. அந்தக் காலத்தில் பர்மா பஜாரிலிருந்து வந்த டெக் யார் வீட்டிலாவது இன்னும் இருந்தால் அது பொக்கிஷம். ரப்பர் பெல்ட்டை மாற்றுங்கள். ஹெட்டைத் துடைக்கக் காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டாம், நூல் சிக்கி ஹெட் உடையும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாளை அசையாமல் பிடித்துக்கொண்டு டிரம்மைக் கையால் மெல்லத் திருப்பினால் போதும்.

அடுத்த சிக்கல் நேரம். படத்தின் ஒரு வரிக்கு 64 மைக்ரோநொடி. பழைய டேப் கொஞ்சம் நீண்டு சுருங்கியிருக்கும் என்பதால் வரிகள் முன்னே பின்னே வந்து, நேரான வாசல் நிலைகூட நெளியும். பழைய டிவி இதைப் பொறுத்துக்கொள்ளும். டெக்கின் படத்தைப் பதிவு செய்யக் கம்ப்யூட்டரில் செருகும் மலிவு கேப்ச்சர் குச்சி பொறுக்காது. குழம்பிப்போய்ச் சில ஃப்ரேம்களையே விட்டுவிடும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேளம் ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி ஒவ்வொரு வரியையும் நினைவகத்தில் வாங்கி, சீரான இடைவெளியில் வெளியே விடுகிறது. அது கிடைக்காதவர்கள் பழைய டிவிடி ரெக்கார்டர் வழியாக சிக்னலைக் கடத்துவார்கள். பல மாடல்களில் அதுவும் ஓரளவு உதவும்.

சேமிப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நேராக எம்பி4 ஆக நசுக்கிவிட்டால், டேப்பின் இரைச்சலையும் முகத்தின் நுணுக்கத்தையும் மென்பொருள் சேர்த்தே வழித்துவிடும். சுருக்காமல் வைத்தால் மணிக்கு 75 ஜிபி வரை ஆகும். எதையும் இழக்காமல் சுருக்கும் எஃப்எஃப்வி1 முறையில் அது ஏறக்குறையப் பாதியாகிறது. அதை மூலமாக வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பத் தனியாகச் சின்ன நகல் போடலாம். மூலத்தை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். வெள்ளம் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

எங்கள் கேசட்டில் பந்தி நடக்கும் இடத்தில் படம் முழுக்கப் பனிமழை. ஆனால் ஆயா குரல் தெளிவாகக் கேட்டது: "யாரும் சாப்பிடாம போவாதீங்க." ஒலி டேப்பின் மேல் ஓரத்தில் தனிப் பாதையில் இருக்கிறது. அதைப் படிப்பது சுழலாத வேறொரு ஹெட். கீழ் ஓரத்தில் ஓடும் கட்டுப்பாட்டுத் துடிப்புகளை வைத்துத்தான் சுழலும் ஹெட் தன் கோட்டைக் கண்டுபிடிக்கிறது. அங்கே அது விலகிப் பக்கத்துக் கோட்டில் ஏறியிருந்தது. அந்த நான்கு நிமிஷத்தை மட்டும் திரும்ப ஓட்டி, ஹெட்டைக் கோட்டோடு சேர்க்கும் டிராக்கிங் குமிழை மயிரிழை அளவு திருப்பினேன். மூன்றாவது தடவை பனி கீழே இறங்கி விலகியது. கையில் சாம்பார் வாளியோடு ஆயா நின்றிருந்தாள்.